தம்பிக்கு, தம்பிக்காக

செவ்வாய்க்கிழமை, இரவு ஏழு மணி.
கிரிம்ஸ்பியில், சலவைக்கடைக்கு மேலே எங்கள் வகுப்பு.
கீழே இயந்திரங்கள் சுற்றும்போதெல்லாம்
மேசைமேல் பென்சில்கள் நடுங்கும்.
மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும்
விரலிடுக்கில் காட் மீனின் கவிச்சி.

பெவர்லி தாள்களைப் பரப்புகிறார்.
இடப்பக்கம் பெயரடைகள்,
வலப்பக்கம் குட்டிச் சொற்கள்,
கோடிழுத்துச் சேர்த்துவைக்க வேண்டும்.
குட் என்றால் அட்.
டயர்ட் என்றால் ஆஃப்.
இன்ட்ரெஸ்டட் என்றால் இன்.
மேரீட்?
வித் என்று எழுதினேன்.

இல்லையாம். டு.
மணமானவள் கணவனோடு இருக்க வேண்டியதில்லை,
கணவனை நோக்கி இருந்தால் போதும்,
கடைசிப் பேருந்து கிளீதார்ப்ஸை நோக்கிப் போவதுபோல.
விவாகரத்துக்கு எது என்று கேட்டேன்.
ஃப்ரம்.
ஒன்பது வருடம் டு,
இரண்டு கையெழுத்தில் ஃப்ரம்.
எதுவும் சொல்லாமல் கோட்டை மட்டும் இழுத்தேன்,
தாள் கிழிகிற மாதிரி.

எங்கள் லிதுவேனிய மொழியில்
சொல்லின் வாலைத் திருகினால் போதும்;
நாய் என்ற சொல்லே
நாய்க்குப் பயப்படுவதையும் சுமந்துகொண்டு ஓடும்.
இங்கே சொற்கள்
உறைந்த மீன்போல விறைத்துக் கிடக்கின்றன,
தூக்க ஒரு கொக்கி வேண்டியிருக்கிறது.
எந்த மீனுக்கு எந்தக் கொக்கி என்பதற்குக்
காரணம் கேட்கக்கூடாது.
"அது அப்படித்தான், கண்ணு," என்பார் பெவர்லி.

ஷ்வானுக்கு ஒரு சந்தேகம்.
கோபம் ஆள்மேல் என்றால் வித்,
விஷயத்தின்மேல் என்றால் அபௌட்;
சரி, ஏழு வாரமாகச் சம்பளம் தராத முதலாளி
ஆளா, விஷயமா?
பெவர்லிகூடச் சிரித்துவிட்டார்.

ஹப்டோம் மட்டும் சிரிக்கவில்லை.
அவன் தாளில் அஃப்ரெய்ட் என்ற சொல்லிலிருந்து
இரண்டு கோடுகள் கிளம்பியிருந்தன,
ஒன்று ஆஃபுக்கு,
ஒன்று ஃபாருக்கு.
ஒன்றுதான் போடவேண்டும் என்றார் பெவர்லி.
"இரண்டும் உண்டு," என்றான்,
"எனக்குத் தெரியும்."

மடித்து மடித்துத் துணியாகிப்போன ஒரு கடிதம்
சட்டைப்பையிலிருந்து வந்தது.
அன்று விசாரணையின் நடுவே
மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி அறுந்துவிட்டது.
ஏன் நாட்டைவிட்டு வந்தாய் என்று கேட்டார்கள்.
தம்பியைப் பட்டாளத்துக்கு இழுத்துப் போயிருந்தார்கள்.
அடுத்து இவன்.
தம்பிக்காகப் பயந்தேன் என்று சொல்ல நினைத்தவன்
தம்பிக்குப் பயந்தேன் என்று சொல்லிவிட்டான்,
ஏனென்றால் அஃப்ரெய்டுக்கு அடுத்து
அவனுக்குத் தெரிந்த சொல் ஆஃப் ஒன்றுதான்.

பதினான்காம் பத்தியை வாசித்தார் பெவர்லி,
முதலில் உரக்க, பிறகு உதட்டளவில்.
தம்பி உங்களுக்கு இழைத்த தீங்கு என்ன என்பதை
நீங்கள் விளக்கவில்லை.
உடன்பிறந்தார் சச்சரவு
அடைக்கலத்துக்குக் காரணம் ஆகாது.

கீழே ஏதோ ஒரு இயந்திரம் சுற்றி முடித்தது.
பென்சில்கள் அசையவில்லை.

மேல்முறையீடு வியாழக்கிழமை.
மீதித் தாளை யாரும் தொடவில்லை.
பலகையை அழித்துவிட்டு
ஒரே ஒரு வாக்கியத்தை எழுதினோம்,
நாங்கள் ஆறு பேரும் பெவர்லியும்.
ஃபார் என்பதன் அடியில் கோடு வேண்டுமென்றான் ஷ்வான்.
வேண்டாம், கெஞ்சுவதுபோல் இருக்கும் என்றேன் நான்.
ஹப்டோம் அதைப் பதினோரு முறை சொல்லிப் பார்த்தான்.
இரண்டு முறை நாக்கு ஆஃபுக்கே போனது.

ஒன்பதரைக்குப் பேருந்து.
கண்ணாடி வழியே பார்த்தேன்,
குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு
துறைமுகப் பக்கமாக நடந்துகொண்டிருந்தான்,
வாய் அசைந்துகொண்டே இருந்தது.
என்னிடமும் அவனுக்காக ஒரு வாக்கியம் இருந்தது.
ஐ ஆம்
என்று ஆரம்பித்தேன்.
பெயரடை அகப்படவில்லை.
ஃபார் மட்டும் வாயில் இருந்தது,
நான் இறங்கும் நிறுத்தம் வரைக்கும்.